பல்சக்கரத்தின் பல்லை யார் வெட்டுவது?

போன ஐப்பசியில் என் மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். வெளியே மூன்று நாளாக விடாத மழை. என் மேஜைக்கு மேலே சுவரில் தொங்கும் மரக் கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அத்தான், நானும் இப்படி ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன். கிட் வாங்கட்டுமா, லேசர்ல வெட்டிக்கிடட்டுமா, இல்ல கையாலயே அறுத்துருவமா?" என்றான்.

"முதல்ல அது ஏன் நின்னுபோய்க் கெடக்குன்னு கேளு மாப்ள" என்றேன்.

கடிகாரம் அன்று காலைதான் நின்றிருந்தது. கோடை முழுக்க ஒழுங்காக ஓடியது. ஈரம் ஏறியதும் நின்றுவிட்டது. அவன் கேட்ட மூன்று வழிக்கும் நடுவே உள்ள வித்தியாசம் அந்த நிற்றலுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நீளாது. நார் ஓடும் திசையில் ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் இருக்காது. நாருக்குக் குறுக்கேதான் உப்பும், சுருங்கும். தேக்கு இந்த விஷயத்தில் சாது என்று பெயர் எடுத்த மரம். அதுவே பச்சை மரமாக இருந்து முழுக்கக் காயும்போது, வளையங்களை ஒட்டிய திசையில் ஏறக்குறைய 6 சதவீதம் சுருங்குகிறது. மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் இரண்டரை சதவீதம். வீட்டுக்குள் இருக்கும் மரத்தில் கோடைக்கும் மழைக்கும் நடுவே ஈரம் நான்கு சதவீதம் மாறினால், 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள தேக்குச் சக்கரம் ஒரு பக்கமாக ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே அகலும். மறுபக்கம் அப்படியே இருக்கும். வட்டமாக வெட்டிய சக்கரம் மழையில் முட்டை வடிவமாகிவிடும் என்று பொருள். என் கடிகாரத்தில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே நான் விட்டிருந்த இடைவெளி கால் மில்லிமீட்டர். அகன்ற பக்கம் சுற்றி வந்ததும் பல் இறுகி நின்றுவிட்டது. அவ்வளவுதான் கதை.

இதை விட மோசமான இன்னொன்று உண்டு. ஒரு பலகையில் வட்டம் வரைந்து, சுற்றிலும் பல் வெட்டினால், இரண்டு பக்கத்துப் பற்களில் நார் பல்லின் நீளத்தோடு ஓடும். மற்ற இரண்டு பக்கத்திலும் நார் பல்லுக்குக் குறுக்கே ஓடும். குறுக்கே ஓடும் பல் பிஸ்கட் மாதிரி. விரலால் தள்ளினாலே விண்டு வந்துவிடும். விறகு பிளந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மரத்தில் ஓடும் இயந்திரம் செய்தவர்கள் எல்லோரும் இந்த ஒரே சிக்கலைத்தான் வெவ்வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். கிட்டா, லேசரா, கையா என்று கேட்பதை "என் சக்கரத்தின் பல்லில் நார் எந்தப் பக்கம் ஓடும், அதைத் தீர்மானிப்பது யார்" என்று மாற்றிக் கேட்டால் பதில் சுலபமாகக் கிடைக்கும்.

பெட்டியில் வருவது

கடையில் கிடைக்கும் கிட்டுகளில் உக்ரைனின் யூகியர்ஸ், சீனாவின் ரோக்கர் இரண்டும் பெரியவர்களுக்கானவை. நம் நாட்டின் ஸ்மார்டிவிட்டி குழந்தைகளுக்கானது. மெல்லிய ப்ளைவுட்டிலோ எம்டிஎஃப்பிலோ பாகங்கள் ஏற்கெனவே வெட்டப்பட்டு, தாளில் ஸ்டாம்ப் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். உடைத்து எடுத்து, படம் பார்த்து மாட்ட வேண்டியதுதான். பெரும்பாலானவற்றுக்குப் பசை கூடத் தேவையில்லை. ஓட்டுவது ரப்பர் பேண்ட், அல்லது கைப்பிடி. உரசும் இடங்களில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொள்ளலாம்.

நார்ச் சிக்கலை இதில் ப்ளைவுட் தீர்த்துவிடுகிறது. அடுக்குக்கு அடுக்கு நார் குறுக்கு நெடுக்காக ஒட்டப்பட்டிருப்பதால், எந்தப் பல்லை எடுத்தாலும் அதில் ஒரு பங்கு அடுக்காவது ஏறக்குறைய சரியான திசையில் இருக்கும். மழைக்கு உப்புவதும் குறைவு. ஒரு அடுக்கு அகலப் பார்த்தால் அடுத்த அடுக்கு பிடித்து வைத்துக்கொள்ளும். எம்டிஎஃப்பில் நார் ஓட்டமே கிடையாது. மரத்தைப் பொடி இழைகளாகப் பிரித்து, பிசின் கலந்து அழுத்திய பலகை அது. திசை என்ற பேச்சே இல்லை. ஆனால் பொடிப் பல் அதில் நிற்காது, ஓரம் பஞ்சு மாதிரி பிரியும். தண்ணீர் பட்டால் கதை முடிந்தது.

கிட்டை நான் இளக்காரமாகச் சொல்ல மாட்டேன். இரண்டு செய்திருக்கிறேன். ஒரு பெரிய சக்கரம் ஒரு சின்னச் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றும்போது கையில் தெரியும் அந்த எதிர்ப்பு, எவ்வளவு இறுக்கினால் திணறுகிறது, எவ்வளவு தளர்த்தினால் நழுவுகிறது என்ற உணர்வு, இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள முடியாதது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கிட் அதைக் கொடுத்துவிடும். பத்து வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து செய்வதாக இருந்தால் இதைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

குறை என்னவென்றால், அது ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை என்று உங்களுக்குத் தெரியாது. பல் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது, அச்சுக்கும் அச்சுக்கும் நடுவே ஏன் அந்தத் தூரம் என்பதெல்லாம் வேறு யாரோ எடுத்த முடிவுகள். அப்புறம், ரப்பர் பேண்ட். எந்தக் கம்பெனி என்றில்லை, நம் ஊர் வெயிலுக்கு ரப்பர் என்றால் வெடிக்கத்தான் செய்யும். அலமாரியில் அழகாக நிற்கும். இரண்டு வருடம் கழித்து விருந்தாளிக்கு ஓட்டிக் காட்டப் போனால் பட்டென்று அறுந்துவிழும். செலவு சின்னதுக்கு ஆயிரத்தைச் சுற்றி, பெரியதுக்கு நான்கைந்தாயிரம். வேறு ஆயுதம் ஒன்றும் வேண்டாம் என்பதைக் கணக்கில் எடுத்தால் அதிகம் இல்லை.

லேசர் கடை

ஊருக்கு ஊர் இப்போது அக்ரிலிக் பெயர்ப்பலகையும் பரிசுக் கேடயமும் வெட்டும் லேசர் கடைகள் இருக்கின்றன. கணினியில் வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தால் மரத்திலும் வெட்டித் தருவார்கள். இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் பல்சக்கரம் வரைய ஒரு வசதி கூடவே வருகிறது. எத்தனை பல், எவ்வளவு பெரிய பல் என்று சொன்னால் அதுவே வரைந்துவிடும்.

பல்லின் அளவை மாடியூல் என்ற எண்ணால் சொல்வார்கள். மாடியூலைப் பற்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் சக்கரத்தின் விட்டம், அதாவது பல்லின் நுனியில் அல்ல, இரண்டு சக்கரத்துப் பற்களும் தொடும் வட்டத்தில் அளந்தது. மாடியூல் 3, பல் 50 என்றால் 150 மில்லிமீட்டர். அதோடு பொருந்தும் 10 பல் சக்கரம் 30 மில்லிமீட்டர். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் அச்சுகளுக்கு நடுவே 90 மில்லிமீட்டர். கணக்கு அவ்வளவுதான். இரண்டு சக்கரத்துக்கும் மாடியூல் ஒன்றாக இருந்தால்தான் பல் பொருந்தும். சின்னச் சக்கரத்தில் பல் ரொம்பக் குறைந்தால் அடிப்பக்கம் குடைந்து மெலிந்துவிடும். வழக்கமான 20 பாகைப் பல்லுக்கு (பல்லின் பக்கச் சாய்வைச் சொல்லும் கோணம் அது) அந்தக் கோடு 17 பல்லில் இருக்கிறது. 10 பல் வைக்கவே கூடாது என்றில்லை, ஆனால் அது மெலிந்த பல் என்று தெரிந்து வைக்க வேண்டும்.

லேசரின் பெரிய வரம், ஐம்பது பல்லும் ஒரே அச்சில் வார்த்தது போல வரும். மனிதக் கையால் அது ஆகாது. இதே வரத்தைத்தான் அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில் எலி டெரி என்ற கடிகாரக்காரர் இருநூறு வருடத்துக்கு முன்னால் தேடினார். மூன்று வருடத்தில் 4,000 மரக் கடிகார இயந்திரங்கள் செய்து தருவதாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். முதல் வருடம் முழுக்க ஆற்று நீரில் ஓடும் வெட்டு இயந்திரங்களை அமைப்பதிலேயே கழிந்தது. பிறகு 1810-க்குள் அத்தனையும் முடித்துவிட்டார். செர்ரி மரத்தில் சக்கரம், ஓக் பலகையில் சட்டம். எந்தச் சக்கரத்தையும் எந்தக் கடிகாரத்திலும் மாட்டலாம். ஒன்று செய்வதற்காக அல்ல, ஒரே மாதிரி நூறு செய்வதற்காக உள்ள வழி இது. நமக்குத் தேவை ஒன்றே ஒன்று என்பதை இங்கே கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

லேசரில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ப்ளைவுட் கடைக்காரர், "மரைன் எடுத்துக்கோங்க, காலத்துக்கும் உழைக்கும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். தண்ணீருக்கு அசையாத அந்த ஃபீனால் பசைதான் லேசருக்கு எமன். கதிர் பசை அடுக்கில் போய் நின்று கரியாக்கியதே தவிர ஊடுருவவில்லை. லேசருக்கு வேண்டியது எம்ஆர் ரகம். ஈரத்துக்கு ஓரளவே தாங்கும் யூரியா பசை, ஆனால் சுத்தமாக வெட்டுப்படும். இரண்டாவது, சாதாரண கமர்ஷியல் ப்ளையில் உள்ளே ஓட்டைகளும் ஒட்டுப்போட்ட துண்டுகளும் இருக்கும். வெளியே வழுவழுவென்று இருப்பதை நம்பக் கூடாது. பிர்ச் ப்ளை கிடைத்தால் விலையைப் பார்க்காதீர்கள். மூன்றாவது, 3 மில்லிமீட்டர் என்று விற்பது 3 மில்லிமீட்டர் அல்ல. நான் வாங்கிய ஒன்று 2.7 இருந்தது. சொருகு துளைகளை மூன்றுக்கு வரைந்து வைத்திருந்தேன். எல்லாம் கடகடவென்று ஆடியது. காலிப்பரால் அளந்துவிட்டு வரைய வேண்டும், வரைந்துவிட்டு அளக்கக் கூடாது.

இன்னொரு நுணுக்கம். லேசர்க் கதிர் போகும் பாதையில் 0.15 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை மரம் எரிந்து போய்விடும். கோட்டின் மேலேயே வெட்டினால் ஒவ்வொரு பல்லும் அந்த அளவு மெலியும். இதை எல்லோரும் குறையாகச் சொல்வார்கள். பல்லுக்கு அது குறையே இல்லை. இரண்டு சக்கரமும் சேர்ந்து 0.3 மில்லிமீட்டர் இடைவெளியை இலவசமாகக் கொடுத்துவிடுகின்றன, அது நமக்கு வேண்டியதே. அச்சு நுழையும் துளையில்தான் அது தொல்லை. அங்கே மட்டும் துளையைச் சிறிதாக்கி வரைந்துகொள்ளுங்கள். நான் போன முதல் கடையில், கேட்காமலே எல்லாக் கோட்டையும் அவர்களாகவே சரிசெய்து வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். பல் கச்சிதமாக இருந்தது, அதனாலேயே சுற்றவில்லை. உப்புத்தாளை மடித்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். அது ஒரு தனி ஞாயிற்றுக்கிழமை.

வைரம் பாய்ந்த கட்டை

இனி கையால் வெட்டுவது. காகிதத்தில் சக்கரத்தை அச்செடுத்து, பலகையில் ஒட்டி, பல்லின் அடிவாரத்தில் எல்லாம் முதலில் துளை போட்டு, துளைக்குத் துளை ஸ்க்ரோல் சா இயந்திரத்தாலோ வில் ரம்பத்தாலோ அறுத்து, அரத்தால் தேய்ப்பது. அறுபது பல் சக்கரத்துக்கு எனக்கு ஒரு மாலை முழுதும் போகும். அச்செடுக்கும்போது பக்கத்துக்குப் பொருத்து என்ற தேர்வை நீக்கிவிடுங்கள். நூறு சதவீதத்தில் அச்செடுங்கள். ஒரு சக்கரத்தை ஒரு கடையிலும் மற்றதை இன்னொரு கடையிலும் அச்செடுத்து, இரண்டும் ஏன் பொருந்தவில்லை என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான்.

கட்டை மரம் எடுத்தால் நார்ச் சிக்கல் முழுதும் நம் தலையில். இதை மிக அழகாகத் தீர்த்தவர் இங்கிலாந்தின் ஜான் ஹாரிசன். பிற்காலத்தில் கப்பல்களுக்குத் தீர்க்கரேகை கண்டுபிடிக்கும் கடிகாரம் செய்து புகழ்பெற்ற அதே ஆள். 1693-ல் பிறந்தவர், தச்சர் மகன், லிங்கன்ஷையர் கிராமத்துத் தச்சர். இருபது வயதில், 1713-ல், மரத்தாலேயே ஒரு கடிகாரம் செய்தார். அவருடைய ஓக் சக்கரங்களில் பல் முழுச் சக்கரத்திலிருந்து வெட்டியதல்ல. சக்கரத்தின் விளிம்பில் பள்ளம் எடுத்து, சிறு சிறு துண்டுகளை அதில் பதித்தார். ஒவ்வொரு துண்டிலும் நார் மையத்திலிருந்து வெளியே ஓடும்படி வைத்து, அதில் பல் வெட்டினார். அதனால் எந்தப் பல்லிலும் நார் குறுக்கே ஓடாது. பின்னால் செய்த கடிகாரங்களில் அச்சு சுழலும் இடங்களுக்கு லிக்னம் வைட்டே என்ற மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது, தன்னுள்ளேயே எண்ணெய்ப் பிசின் கொண்டது. ப்ராக்கில்ஸ்பி பார்க் என்ற இடத்தில் 1722 வாக்கில் அவர் வைத்த கடிகாரம் எண்ணெய் விடாமலே இன்னும் ஓடுகிறது.

எண்ணெய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மரச் சக்கரத்துக்கு எண்ணெய் விடாதீர்கள். தையல் மெஷினுக்கு விடும் பழக்கத்தில் கை தானாகப் போகும். மரம் எண்ணெயைக் குடித்து ஊறும், மிச்சத்தில் தூசி ஒட்டிப் பசையாகும். பல்லில் பென்சில் கரியைத் தேய்க்கலாம். அச்சில் மெழுகு போதும்.

நம் பக்கத்தில் லிக்னம் வைட்டே கிடைக்காது. பரவாயில்லை. பல்லுக்கு வேண்டியது நார் நெருக்கமான, கணு இல்லாத, நன்றாகக் காய்ந்த மரம். அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகள் மஞ்சக்கடம்பில் கடைந்தவை. சன்னபட்டணத்துப் பொம்மைகள் வெட்பாலையில். கடைசல்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வைத்த மரங்கள் இவை. அவர்கள் தேர்வை நாம் கடன் வாங்கிக்கொள்ளலாம். தேக்கில் வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து எடுங்கள், வெளிறு வேண்டாம். பழைய ஜன்னல் சட்டம் கிடைத்தால் விடாதீர்கள். நாற்பது மழை பார்த்த மரம் அது.

கடைசல் பட்டறையில் சக்கரம் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. உருளையாகக் கடைந்து, வாழைத்தண்டு நறுக்குவது போல வில்லை வில்லையாக அறுத்துக் கொடுப்பார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். அதில் நார் சக்கரத்தின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. சுற்றியுள்ள எல்லாப் பல்லுமே குறுக்கு நார். ஒரு பல் கூடத் தேறாது. பல் இல்லாத கேம் வட்டுகளுக்கு, அதாவது சுற்றும்போது மேலே நிற்கும் குச்சியை ஏற்றி இறக்கும் வட்டுகளுக்கு, அந்த வில்லை போதும்.

இந்த வழியின் செலவு பணமல்ல, நேரம். ஸ்க்ரோல் சா வாங்கினால் பணமும்தான். ஆனால் இங்கே மட்டும்தான், ஒரு பல் உடைந்தால் அதைச் செதுக்கி எடுத்துவிட்டு நார் பார்த்துப் புதுத் துண்டு பதித்து மறுபடி ஓட்ட முடியும். ஹாரிசன் செய்ததும் அதுதானே.

முளை அடிப்பது

மச்சினன் மூன்று வழிதான் கேட்டான். எனக்குப் பிடித்த நான்காவதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் கிணற்றிலிருந்து நீர் இறைத்த பாரசீகச் சக்கரங்களில் பல் என்று எதையும் யாரும் வெட்டவில்லை. ஒரு மரச் சக்கரத்தில் முளைகள் அடித்திருப்பார்கள். அந்த முளைகள் இன்னொரு சக்கரத்தின் முளைகளைத் தள்ளும். மாடு படுத்தி வைக்கப்பட்ட சக்கரத்தைச் சுற்றும், அது நிமிர்ந்து நிற்கும் சக்கரத்தைச் சுற்றும், வாளிகள் ஏறி வரும். முளை என்பது தனிக் குச்சி. அதில் நார் எப்போதும் அதன் நீளத்தோடுதான் ஓடும். ஹாரிசன் அவ்வளவு பாடுபட்டுச் சாதித்ததை ஒரு கிராமத்துத் தச்சர் குச்சியை அடித்துச் சாதித்துவிட்டார். முளை உடைந்தால் தட்டி எடுத்துவிட்டு வேறு அடிக்கலாம்.

சின்னச் சக்கரத்துக்கு இதன் தம்பி ஒன்று உண்டு. இரண்டு வட்டுகளுக்கு நடுவே வட்டமாகக் குச்சிகளை நிறுத்திய கூண்டு. பறவைக் கூண்டு மாதிரி இருக்கும். நான் மூங்கில் குச்சி போடுவேன், பார்பிக்யூவுக்கு விற்பதே போதும். எட்டு குச்சிக் கூண்டு, எட்டுப் பல் வெட்டிய சக்கரம் செய்யும் வேலையைக் குடைச்சல் இல்லாமல் செய்துவிடும்.

வேண்டியது ஒரு டிரில், வட்டத்தைச் சமமாகப் பிரிக்கும் பொறுமை. கோணமானி வேண்டாம். வட்டைச் சுற்றிக் காகிதப் பட்டையைக் கட்டி, சந்திக்கும் இடத்தில் வெட்டி, பட்டையை மேஜையில் விரித்து 24 பங்காகக் குறித்து, மறுபடி சுற்றி ஒட்டினால் ஒவ்வொரு 15 பாகையிலும் ஒரு குறி. அதிலிருந்து சரியாக ஒரே தூரம் உள்ளே தள்ளித் துளை. முளைச் சக்கரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் பிழை பெரிய விஷயமில்லை. கிணற்றடியில் அரை அங்குலம் கூட ஆடியிருக்கும். குறையும் சொல்ல வேண்டும். சத்தம். கடக் கடக் என்று தள்ளித் தள்ளித்தான் சுற்றும், வழுக்கிக்கொண்டு போகாது. கடிகாரத்துக்கு ஆகாது. அலங்காரத்துக்கு வைப்பவர்களுக்கும் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியலாம். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

என்ன செய்யப் போகிறோம்

சரி, இவற்றில் எது? அது எதைச் செய்யப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. எல்லோருக்கும் முதல் ஆசை கடிகாரம்தான். எனக்கும் அதுதான் இருந்தது. முதல் வேலையாக அதை எடுக்காதீர்கள் என்பது என் கட்டாயமான கருத்து.

காரணம் இது. நிமிட முள் மணிக்கு ஒரு சுற்று. ஊசலோடு பேசும் கடைசிச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு சுற்று. அதில் 30 பல், ஊசலின் நீளம் சுமார் 99 சென்டிமீட்டர் என்றால் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு விநாடி. நடுவே அறுபது மடங்கு வேகம் கூட்ட வேண்டும். 64 பல் 8 பல்லைச் சுற்ற எட்டு மடங்கு, 60 பல் 8 பல்லைச் சுற்ற ஏழரை மடங்கு, பெருக்கினால் அறுபது. வேகம் அறுபது மடங்கு கூடினால் விசை அறுபதில் ஒன்றாகக் குறையும். அதிலும் ஒவ்வொரு ஜோடியும் உரசலில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கடைசிச் சக்கரத்துக்கு வந்து சேர்வது ஒரு மூச்சுக்காற்று அளவு. எங்காவது ஒரு பல் கால் மில்லிமீட்டர் இறுகினால் முடிந்தது. என் சுவரில் நடந்தது அதுதான்.

கைப்பிடி சுற்றும் பொம்மையில் இதெல்லாம் தலைகீழ். விசை கொடுப்பது நம் கை, அதற்குப் பஞ்சமில்லை. ஒரே அச்சு, அதில் மூன்று கேம் வட்டுகள். மையம் தள்ளித் துளைத்த வட்டு, மேலே நிற்கும் குச்சியை மெல்ல ஏற்றி இறக்கும். நத்தை ஓடு மாதிரி வெட்டிய வட்டு, மெல்ல ஏற்றித் தொப்பென்று போடும். ஒரு வட்டின் மேல் இன்னொரு வட்டைச் சும்மா உட்கார வைத்தாலே உரசலில் அது சுழலும். பொம்மையின் தலை திரும்ப அது போதும். பல் ஒன்று கூட இல்லை. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் திப்புவின் புலி கூடக் கைப்பிடி சுற்றும் மரப் பொம்மைதான். சுற்றினால் உள்ளே துருத்தி இயங்கி, கீழே கிடக்கும் வெள்ளைக்காரனின் கை ஏறி இறங்கும், அவன் அலறுவான், புலி உறுமும். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது எடுத்துக்கொண்டு போனது.

ஜப்பானில் தேநீர்க் கோப்பையைத் தானே தூக்கி வரும் மரப் பொம்மைகள் இருந்தன. அதன் உள்ளமைப்பை 1796-ல் ஹொசோகாவா ஹன்சோ என்பவர் படம் வரைந்து அச்சில் வெளியிட்டுவிட்டார். மரப் பல்சக்கரம், திமிங்கிலத்தின் வாய்த் தகட்டால் ஆன சுருள்வில். கோப்பையை வைத்தால் நடக்கும், எடுத்தால் நிற்கும், திரும்ப வைத்தால் திரும்பிப் போகும். அது எல்லாம் ஐந்தாவது ஆறாவது வேலை. ஆசைக்குச் சொல்லி வைக்கிறேன்.

ஆகவே என் யோசனை இப்படித்தான் போகும். பல்லே வேண்டாத கைப்பிடிப் பொம்மைக்குக் கட்டை மரமும் கையும் போதும். லேசர் கடைக்குப் போவது வெட்டிச் செலவு. அதற்கடுத்துச் சக்கரம் சக்கரத்தைச் சுற்ற வேண்டும் என்று ஆசை வந்தால் முளைச் சக்கரம். கோலிக்குண்டு ஏறி இறங்கும் ஓட்டம் மாதிரி, சக்கரம் நிறைய, விசை குறைவு என்றால் எம்ஆர் ப்ளையில் லேசர். கடிகாரம் என்றால் சக்கரங்கள் ப்ளையில் லேசரும், அச்சும் சட்டமும் கட்டையில் கையுமாகக் கலந்து செய்வதைத்தான் இன்று சொல்வேன். என் சுவர்க் கடிகாரத்தையும் அப்படி மாற்றத்தான் போகிறேன். தேக்குச் சக்கரங்களைக் கழற்றும்போது கொஞ்சம் வலிக்கும். முழுக்கக் கட்டை மரத்தில் கடிகாரம் வேண்டுமென்றால், பல்லைத் துண்டு துண்டாகப் பதிக்கும் பொறுமை வந்த பிறகு தொடங்குங்கள். கிட்? மழைக்கால விடுமுறையில் பிள்ளைகளோடு. அல்லது இந்த வேலை நமக்குப் பிடிக்குமா என்றே தெரியாதவர்களுக்கு. பிடிக்கவில்லை என்றால் ஒரு டிரில்லும் ஸ்க்ரோல் சாவும் பரணில் தூங்காமல் மிச்சம்.

மச்சினன் முதலில் முகம் சுளித்தான். "கடிகாரம் கேட்டா முளை அடிக்கச் சொல்றீங்க அத்தான்." பிறகு இரண்டு மாதம் பேச்சில்லை. தை பிறந்து ஒரு வீடியோ அனுப்பினான். வேப்பங்கட்டையில் ஒரு மரங்கொத்தி. கைப்பிடியைச் சுற்றினால் எட்டு முளைச் சக்கரம் அதன் வாலைத் தட்டித் தட்டி விட, கழுத்தை ஆட்டி ஆட்டிக் கொத்துகிறது. அவன் மகள் சுற்றிக்கொண்டே இருக்கிறாள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கொத்து மட்டும் தவறிப் போகிறது.

ஆறாவது முளையோ ஏழாவதோ, உயரம் குறைவு. தட்டி எடுத்துவிட்டு இரண்டு மில்லிமீட்டர் நீளமாக வேறு அடித்தால் சரியாகிவிடும். வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அந்தத் தவறிய கொத்து வரும்போதெல்லாம் குழந்தை சிரிக்கிறாள். இன்னும் அவனுக்குப் போன் பண்ணவில்லை.